4 கேபி ரைட் சிதறடிக்கும் கோப்பு: பிடிஆர்எஃப்எஸ் ரிக்ரெஷன் டெஸ்டில் எதை அளப்பது?

2022 ஜனவரியில் லினக்ஸ் 5.16 வெளிவந்த சில நாட்களிலேயே, பிடிஆர்எஃப்எஸ் கோப்பு முறைமையை ‘ஆட்டோடிஃப்ராக்’ (சிதறிய கோப்புத் துண்டுகளைத் தானாக ஒன்றுசேர்ப்பது) மவுன்ட் ஆப்ஷனோடு ஓட்டியவர்களிடமிருந்து ஒரே மாதிரியான புகார்கள் வந்தன. யாரும் எதுவும் செய்யாமலே டிஸ்க்கில் ரைட் ஓடிக்கொண்டே இருக்கிறது, ‘பிடிஆர்எஃப்எஸ்-கிளீனர்’ என்ற கர்னல் த்ரெட் ஒரு சிபியு கோரை முழுதாக விழுங்குகிறது என்றார்கள். பேஜ் அளவை விடச் சிறிய செக்டர்களையும் கையாள வேண்டும் என்பதற்காக அந்தப் பதிப்பில் டிஃப்ராக் நிரல் பெருமளவு மாற்றி எழுதப்பட்டிருந்தது. எந்த எக்ஸ்டென்ட்டை (டிஸ்க்கில் தொடர்ச்சியாக அமர்ந்த தரவுத் துண்டை) திருப்பி எழுத வேண்டும், எதைத் தொடக்கூடாது என்ற நிபந்தனைகள் அதில் தளர்ந்துபோயின. ஏற்கெனவே உச்ச அளவில் இருந்த எக்ஸ்டென்ட்டுகளும், அடுத்ததோடு சேர்க்கவே முடியாத எக்ஸ்டென்ட்டுகளும் திரும்ப எழுதப்பட்டன. அடுத்தடுத்த 5.16 திருத்தப் பதிப்புகளிலும் 5.17-லும் ஒவ்வொன்றாகச் சரிசெய்தார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தக் கோளாறால் கோப்புகள் கூடுதலாகத் துண்டாகிவிடவில்லை. ‘கோப்பு எத்தனை துண்டு?’ என்று மட்டும் எண்ணும் டெஸ்ட் அன்று பச்சை விளக்குதான் காட்டியிருக்கும். துண்டு எண்ணிக்கை என்ற ஒரே எண்ணை நம்பிச் சிறு ரைட்களுக்கான ரிக்ரெஷன் டெஸ்ட் (புதிய பதிப்பு முன்பிருந்த நடத்தையைக் கெடுத்துவிட்டதா என்று பார்க்கும் சோதனை) எழுதுவது போதாது. கோப்பின் அடுக்கு (அதன் துண்டுகள் அமர்ந்திருக்கும் விதம்), டிஸ்க்கில் அது பிடித்து வைத்திருக்கும் இடம், டிஸ்க்குக்குப் போன மொத்த பைட் ஆகிய மூன்றையும் தனித்தனியாக அளக்க வேண்டும். மூன்றும் ஒன்றோடொன்று சேர்ந்து நகர்வதில்லை.

துண்டு எப்படி உண்டாகிறது

காப்பி-ஆன்-ரைட் முறையில், ஏற்கெனவே உள்ள தரவின்மேல் புதியதை எழுதுவதில்லை. வேறொரு காலி இடத்தில் எழுதிவிட்டு, கோப்பின் சுட்டியை அங்கே திருப்புகிறார்கள். பிடிஆர்எஃப்எஸ்ஸில் இந்தச் சுட்டிக்குப் பெயர் ஃபைல் எக்ஸ்டென்ட் ஐட்டம். கம்ப்ரஷன் இல்லாத எக்ஸ்டென்ட் ஒன்று 128 எம்பி வரை போகும். கம்ப்ரஸ் செய்த எக்ஸ்டென்ட்டின் மூல அளவு 128 கேபியைத் தாண்டாது. (இங்கே கேபி என்பது 1024 பைட்.)

256 எம்பி கோப்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். நல்ல நிலையில் அதற்கு 2 எக்ஸ்டென்ட் போதும். அதையே 4 கேபி பிளாக்குகளாகப் பார்த்தால் 65,536 பிளாக்குகள். ஒவ்வொரு பிளாக்கும் தனித்தனியே எழுதப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் எஃப்சிங்க் (தரவை உடனே டிஸ்க்கில் எழுதச் சொல்லும் கட்டளை) அழைக்கப்பட்டால், 65,536 எக்ஸ்டென்ட் ஐட்டம் வரை வரும். ஒரு ஐட்டம் 53 பைட், அதன் தலைப்பு 25 பைட், ஆக 78 பைட். இந்த ஐட்டங்கள் மெட்டாடேட்டா மரத்தின் இலை எனப்படும் பிளாக்குகளில் இருக்கும். 16 கேபி இலை ஒன்றில் 101 பைட் தலைப்பு போக 208 ஐட்டம்தான் அடங்கும். நெருக்கி அடுக்கினாலே 316 இலைகள் வேண்டும். இலைகள் பிளந்து பிளந்து வளர்வதால் நடைமுறையில் இதைவிடக் கூடும். எந்த இடம் எதற்கு ஒதுக்கப்பட்டது என்று குறிக்கும் எக்ஸ்டென்ட் மரத்திலும் இதே அளவுக்கு ஒரு பங்கு உண்டு.

சுழலும் டிஸ்க்கில் இதன் விலை நேரடியாகத் தெரியும். 7200 ஆர்பிஎம் டிஸ்க்கில் ஒரு தாவலுக்குச் சுமார் 12 மில்லிசெகண்ட் என்று வைத்தால், மிக மோசமான அடுக்கில் 65,536 தாவல்களுக்கு 13 நிமிடம் ஆகும். அடுக்கு ஒழுங்காக இருந்தால் அதே கோப்பை 2 செகண்டில் படித்து முடித்திருக்கலாம். எஸ்எஸ்டியில் தாவல் கிடையாது என்பதால் துண்டாதல் பொருட்டே அல்ல என்று சொல்வதுண்டு, அது சரியல்ல. அங்கே விலை மெட்டாடேட்டாவில் வருகிறது. மரம் பெரிதாகிறது, கேஷில் இடம் பிடிக்கிறது, ஸ்னாப்ஷாட் (ஒரு கணத்து நிலையின் நகல்) அழிப்பும் பேலன்ஸும் (தரவை இடம் மாற்றி அடுக்குவது) மெதுவாகின்றன.

எல்லாச் சிறு ரைட்டும் துண்டாக முடிவதில்லை. எஃப்சிங்க் இல்லாமல் எழுதினால் தரவு பேஜ் கேஷில் தங்கி, பிறகு மொத்தமாக இடம் ஒதுக்கப்படுகிறது. அதற்குள் பக்கத்துப் பக்கத்துப் பிளாக்குகள் வந்து சேர்ந்திருந்தால் ஒரே எக்ஸ்டென்ட்டாகப் போய்விடும். கடைசிப் பிளாக்கிலிருந்து முதல் பிளாக் வரை தலைகீழாக எழுதினாலும், எஃப்சிங்க் இல்லையென்றால் விளைவு இரண்டு மூன்று எக்ஸ்டென்ட்தான். ஒவ்வொன்றுக்கும் எஃப்சிங்க் போட்டால் அதே வரிசை 65,536 துண்டாகிறது. டேட்டாபேஸ்கள் சிக்கலைத் தருவது இதனால்தான்: போஸ்ட்கிரெஸ் 8 கேபி, இன்னோடிபி 16 கேபி, எஸ்க்யூலைட் 4 கேபி பக்கங்களில் எழுதுகின்றன, எழுதியதும் சிங்க் கேட்கின்றன. விர்ச்சுவல் மெஷின் இமேஜ்களும் இதே வகை.

விடாமல் பிடித்துக்கொள்ளும் பழைய எக்ஸ்டென்ட்

துண்டு எண்ணிக்கையைவிட அதிகம் கவனம் வேண்டிய இடம் இது. பல டெஸ்ட்கள் இதைத் தொடுவதே இல்லை. பிடிஆர்எஃப்எஸ்ஸில் ஓர் எக்ஸ்டென்ட்டின் ஒரு பகுதியை மட்டும் விடுவிக்க முடியாது. 128 எம்பி எக்ஸ்டென்ட்டில் ஒரே ஒரு 4 கேபி பிளாக்கைக் கோப்பு இன்னும் சுட்டிக்கொண்டிருந்தால், 128 எம்பியும் டிஸ்க்கில் அப்படியே இருக்கும்.

இதைச் சோதிக்க எளிமையான, ஒவ்வொரு முறையும் ஒரே விடை தரும் வழி ஒன்று உண்டு. 256 எம்பி கோப்பை வரிசையாக எழுதி சிங்க் செய்யுங்கள். பிறகு 0, 2, 4 என இரட்டைப்படை பிளாக்குகளை மட்டும் மேலெழுதுங்கள். கோப்பின் அளவு மாறவில்லை, ஆனால் டிஸ்க்கில் அது பிடித்திருக்கும் இடம் 384 எம்பி: பழைய 256-ம் புதிய 128-ம். முதல் எழுத்தில் எக்ஸ்டென்ட்டுகள் எந்த அளவில் அமைந்தன என்பது இங்கே பொருட்டில்லை. ஒவ்வொன்றிலும் ஒற்றைப்படை பிளாக்குகள் மிச்சம் இருக்கும் வரை இந்த 384 மாறாது. அடுத்து ஒற்றைப்படை பிளாக்குகளையும் மேலெழுதி சிங்க் செய்தால் பழைய எக்ஸ்டென்ட்டுகளுக்குச் சுட்டி எதுவும் மிஞ்சாது. இடம் 256 எம்பிக்குத் திரும்பிவிட வேண்டும். இந்த இரண்டு எண்களையும் டெஸ்டில் சரிசமம் என்றே ஒப்பிடலாம், வரம்பு எதுவும் தேவையில்லை.

இரண்டு கட்டங்களிலும் துண்டு எண்ணிக்கை என்னவோ 65,536-ஆகவே நிற்கும். முதல் கட்டத்தில் பழையதும் புதியதும் மாறி மாறி வருகின்றன. இரண்டாவதில் இரண்டு புதிய தொகுதிகள் மாறி மாறி வருகின்றன. இடம் 128 எம்பி குறைந்தும் அடுக்கு அசையவில்லை.

இடத்தை அளக்க ஏற்ற கருவி காம்ப்சைஸ். அது டிஸ்க் பயன்பாடு, கம்ப்ரஸ் ஆகாத அளவு, சுட்டப்படும் அளவு என்று மூன்று பத்திகள் காட்டும். கடைசி இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் வீணாகப் பிடிபட்டிருக்கும் இடம். எத்தனை எக்ஸ்டென்ட், எத்தனை சுட்டி என்பதையும் அதே வெளியீட்டில் தருகிறது. டியூ கட்டளை இதற்கு உதவாது. கோப்பு சுட்டும் பிளாக்குகளை மட்டுமே அது எண்ணுகிறது.

ஃபைல்ஃப்ராக் சொல்வதும் சொல்லாததும்

அடுக்கை அளக்க எல்லாரும் கை நீட்டுவது துண்டுகளை எண்ணும் ஃபைல்ஃப்ராக் கட்டளையை நோக்கித்தான். அதன் எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டால் மூன்று இடங்களில் தவறான முடிவு வரும்.

முதலாவது, அது எண்ணுவது தொடர்ச்சி அறுபடும் இடங்களை. மரத்தில் உள்ள ஐட்டங்களை அல்ல. 4 கேபி பிளாக்குகளை வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் எஃப்டேட்டாசிங்க் (எஃப்சிங்க்கின் தரவை மையமாகக் கொண்ட வடிவம்) போட்டு எழுதினால், டிஸ்க்கில் அவை அடுத்தடுத்தே அமரும். ஃபைல்ஃப்ராக் ஒற்றை இலக்கத்தில் ஓர் எண்ணைக் காட்டும். மரத்திலோ 65,536 ஐட்டம் இருக்கும். எனவே காம்ப்சைஸின் எக்ஸ்டென்ட் எண்ணையும், பிடிஆர்எஃப்எஸ் கருவித்தொகுப்பில் உள்ள ட்ரீ-ஸ்டாட்ஸ் அல்லது டம்ப்-ட்ரீ தரும் எண்ணையும் கூடவே பதிவு செய்ய வேண்டும். கடைசி இரண்டையும் அன்மவுன்ட் செய்த பிறகு ஓட்டுவது நம்பகமானது.

இரண்டாவது, கம்ப்ரஷன். 128 கேபிக்கு ஓர் எக்ஸ்டென்ட் என்பதாலும், கம்ப்ரஸ் ஆன நீளத்தைக் கர்னல் இந்த இடைமுகத்தில் தெரிவிக்காததாலும், அருகருகே உள்ளவைகூட அறுபட்டவையாகவே தெரியும். 256 எம்பி கோப்பு எந்தக் குறையும் இல்லாமலேயே 2,048 துண்டு என்று வரும்.

மூன்றாவது, அது காட்டும் ‘பிசிகல்’ முகவரி டிஸ்க்கின் முகவரி அல்ல, பிடிஆர்எஃப்எஸ்ஸின் உள் முகவரி. ரெய்ட் (பல டிஸ்க்குகளில் தரவைப் பகிர்ந்து வைப்பது) இருந்தால் இரண்டுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. ஒப்பீட்டுக்குப் போதும், தாவல் தூரம் கணக்கிடப் போதாது. எண்ணுவதற்கு முன் சிங்க் செய்ய மறக்கக்கூடாது. இன்னும் ஒதுக்கப்படாத தரவு இருந்தால் எண் சும்மா ஆடும்.

மொத்த பைட்: இங்கேதான் 5.16 பிடிபட்டிருக்கும்

பிளாக் சாதனத்தின் ஸ்டாட் கோப்பில் ஏழாவது புலம், எழுதிய செக்டர்களின் எண்ணிக்கை. ஒரு செக்டர் 512 பைட். சோதனைக்கு முன்னும் பின்னும் படித்துக் கழித்தால் உண்மையில் எவ்வளவு எழுதப்பட்டது என்று வந்துவிடும். இதற்குச் சோதனை டிஸ்க்கில் வேறு எந்த வேலையும் நடக்கக்கூடாது.

எதிர்பார்க்க வேண்டிய அடிப்படை எண்ணைக் கையாலேயே கணக்கிடலாம். எஃப்சிங்க் வரும்போது பிடிஆர்எஃப்எஸ் முழு டிரான்சாக்ஷனையும் (சேர்ந்துள்ள மாற்றங்களின் தொகுதியை) கமிட் செய்வதில்லை. லாக் மரம் ஒன்றில் எழுதுகிறது. ஒரு 4 கேபி ரைட்டுக்குக் குறைந்தது லாக் மரத்தின் 16 கேபி இலை ஒன்று, லாக் வேர் மரத்தின் 16 கேபி இலை ஒன்று, 4 கேபி சூப்பர்பிளாக் ஒன்று. தரவோடு சேர்த்து 40 கேபி. மெட்டாடேட்டா ‘டப்’ முறையில் இருந்தால் இலைகள் இரண்டு பிரதி எழுதப்படும். 72 கேபி ஆகிவிடும். 65,536 ரைட்டுக்கு முதலாவது 2.5 ஜிபி, இரண்டாவது 4.5 ஜிபி. மரம் உயரும்போது இடைநிலைக் கணுக்களும் சேரும் என்பதால் இவை கீழ்வரம்புகள்.

இந்தக் கணக்கு ஒரு பொறியையும் காட்டிக்கொடுக்கிறது. எஸ்எஸ்டியில் மெட்டாடேட்டாவை ஒற்றைப் பிரதியாக வைப்பது பிடிஆர்எஃப்எஸ்-ப்ராக்ஸ் கருவித்தொகுப்பின் 5.15 பதிப்பு வரும்வரை இயல்புநிலை, 5.15-இலிருந்து அங்கேயும் டப். கர்னலை மாற்றாமல் கருவித்தொகுப்பை மட்டும் புதுப்பித்தாலே எழுதும் பைட் 2.5-இலிருந்து 4.5 ஜிபிக்குத் தாவும். ரிக்ரெஷன் என்று அலறியடித்துக்கொண்டு கர்னலைத் தோண்டினால் அங்கே ஒன்றும் கிடைக்காது.

நிலைநிறுத்த வேண்டியவை

ஆகவே கோப்பு முறைமையை உருவாக்கும் எம்கேஎஃப்எஸ் கட்டளையின் இயல்புநிலை எதையும் நம்பக்கூடாது. மெட்டாடேட்டா முறை, தரவு முறை, 16 கேபி நோட்சைஸ், 4 கேபி செக்டர்சைஸ், செக்சம் (தரவைச் சரிபார்க்கும் எண்) வகை, ஃப்ரீ-ஸ்பேஸ்-ட்ரீ, நோ-ஹோல்ஸ் எல்லாவற்றையும் கட்டளையிலேயே எழுதிவிடுங்கள். பேஜ் அளவு 64 கேபியாக உள்ள ஆர்ம் அல்லது பவர் இயந்திரங்களில் பழைய எம்கேஎஃப்எஸ் செக்டர்சைஸையும் 64 கேபி ஆக்கிவிடும். அங்கே 4 கேபி ரைட்டுக்கான எண் எதுவும் பொருந்தாது.

மவுன்ட்டில் முதல் கவனம் எஸ்எஸ்டி ஆப்ஷனுக்கு. சாதனம் சுழல்கிறதா இல்லையா என்று கர்னல் சொல்வதைப் பார்த்து அது தானாக இயங்கும். லூப் சாதனம், விர்ட்-ஐஓ, என்விஎம்இ என இடம் மாறினால் ஒதுக்கீட்டு வழியும் மாறக்கூடும், 4.14-க்கு முந்தைய கர்னல்களில் மிகவும் மாறும். எஸ்எஸ்டி அல்லது நோஎஸ்எஸ்டி, ஏதாவது ஒன்றை வெளிப்படையாகக் கொடுங்கள். டிஸ்கார்டும் (காலியான இடத்தை எஸ்எஸ்டிக்குத் தெரிவிப்பது) அப்படியே: 6.2 முதல் அசிங்க் டிஸ்கார்ட் தானாக இயங்குகிறது. நேரத்தை அளக்கும் சோதனையில் அதை அணைத்து வையுங்கள்.

கமிட் இடைவெளி இயல்பாக 30 செகண்ட். பின்னணியில் அது எப்போது விழுகிறது என்பது எண்ணைக் குலுக்கும். அதற்காக 300 செகண்ட் என்று நீட்டிவிடத் தோன்றும். அதில் வேறு சிக்கல் இருக்கிறது. எழுதி முடித்த பழைய லாக் இலைகள் அடுத்த கமிட் வரை விடுவிக்கப்படுவதில்லை. ரைட்டுக்கு 32 கேபி வீதம் 65,536 ரைட்டுக்கு 2 ஜிபி மெட்டாடேட்டா இடம் மாட்டிக்கொள்ளும், டப்பில் இரட்டிப்பு. இடம் தீர்ந்ததும் கோப்பு முறைமை தானாகக் கமிட்டைத் தூண்டும். அது எங்கே விழும் என்று சொல்ல முடியாது. நடைமுறையில் ஒத்துவருவது, கமிட்டை 120 செகண்ட் என்று வைத்து, ஒவ்வொரு 4,096 ரைட்டுக்கும் டெஸ்டே ஒரு சிங்க் கொடுப்பது. அப்போது மாட்டும் இடம் 128 எம்பியைச் சுற்றியே நிற்கும், கமிட்டும் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் விழும்.

டிஸ்க் அளவையும் மாற்றாதீர்கள். சிறிய டிஸ்க்குகளில் தரவு சங்க் (மொத்தமாக ஒதுக்கப்படும் பெரிய பகுதி) அளவு மொத்த அளவின் பத்தில் ஒரு பங்குக்குள் அடங்குவதால், 5 ஜிபி டிஸ்க்கும் 50 ஜிபி டிஸ்க்கும் ஒரே அடுக்கைத் தராது. 20 ஜிபி என்று ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதிலேயே இருப்பது நல்லது.

டைரக்ட் ஐஓவைப் பற்றி ஒரு வார்த்தை. பேஜ் கேஷின் குறுக்கீடு வேண்டாமென்று பல டெஸ்ட்கள் அதைப் பயன்படுத்துகின்றன. ஆனால் அண்மைக் கர்னல்களில், செக்சம் உள்ள கோப்புக்கு வரும் டைரக்ட் ரைட், பஃபர் வழிக்கே திருப்பப்படுகிறது. டெஸ்ட் பெயரில் ஒரு வழி, உள்ளே ஓடுவது வேறு வழி. பஃபர் ரைட்டும் ஒவ்வொன்றுக்கும் எஃப்டேட்டாசிங்க்கும் என்ற இணைதான் பதிப்பு மாறினாலும் பொருள் மாறாமல் இருக்கிறது.

எஃப்ஐஓ என்ற ரீட்-ரைட் சோதனைக் கருவியைப் பயன்படுத்துபவர்கள் அடிக்கடி சறுக்கும் இடம் முன்ஒதுக்கீடு. அது இயல்பாகவே கோப்புக்கு ஃபாலொக்கேட் அழைக்கிறது. முன்ஒதுக்கிய எக்ஸ்டென்ட்டில் முதல் ரைட் அதே இடத்தில்தான் விழும். காப்பி-ஆன்-ரைட் அங்கே நடப்பதே இல்லை. இரண்டாவது ரைட்டில்தான் புதிய இடம் தேடும். அதாவது ஒரே ஒரு சுற்று ராண்டம் ரைட் ஓட்டி ‘துண்டாகவில்லை’ என்று முடிவு செய்தால், சோதித்தது வேறு நிரல்பாதையை. ஃபாலொக்கேட்டை ‘நன்’ என்று அணையுங்கள், கோப்பை முதலில் வரிசையாக நிரப்புங்கள், சிங்க் செய்யுங்கள், பிறகு மேலெழுதுங்கள். ராண்டம் விதையையும் நிலையாகக் கொடுங்கள்.

என்னென்ன சோதனைகள்

மேலே சொன்ன இரட்டை-ஒற்றை சோதனை முதலில் வைக்க வேண்டியது. இரண்டாவது, தலைகீழ் வரிசை. எஃப்டேட்டாசிங்க்கோடு ஒரு முறை, இல்லாமல் ஒரு முறை. முதலாவது 65,536-ஐ ஒட்டி வரவேண்டும். இரண்டாவது சில பத்துகளுக்குள் நிற்க வேண்டும். இரண்டாவது திடீரென்று ஆயிரங்களுக்குப் போனால் தாமத ஒதுக்கீட்டில் ஏதோ உடைந்திருக்கிறது, அல்லது விர்ச்சுவல் மெஷினுக்கு நினைவகம் போதாமல் ரைட்பேக் முன்கூட்டியே ஓடுகிறது. நினைவகத்தை 4 ஜிபி என்று நிலையாக வைத்தால் அந்தச் சந்தேகம் தீரும்.

மூன்றாவது, நோடேட்டாகவ், அதாவது தரவுக்குக் காப்பி-ஆன்-ரைட்டை அணைப்பது. காலி டைரக்டரிக்கு சாட்டர் கட்டளையில் பெரிய சி கொடியை வைத்து, உள்ளே கோப்பை உருவாக்குங்கள். தரவு உள்ள கோப்புக்குப் பின்னால் வைத்தால் பலிக்காது. இப்போது தலைகீழ் வரிசையில் மேலெழுதினால் ஃபைல்ஃப்ராக் வெளியீடு வரிக்கு வரி மாறாமல் இருக்க வேண்டும். அடுத்து ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துவிட்டு மறுபடி மேலெழுதுங்கள்: பகிரப்பட்ட பிளாக்குகள் என்பதால் இம்முறை கட்டாயம் புதிய இடத்துக்குப் போகும், கோப்பு சிதறும். மூன்றாம் முறை மேலெழுதும்போது மறுபடி அசையக்கூடாது. டேட்டாபேஸ் டைரக்டரிக்கு நோடேட்டாகவ் வைத்துவிட்டு, மணிக்கொரு ஸ்னாப்ஷாட்டும் எடுப்பவர்களுக்குத் துண்டாதல் ஏன் நிற்கவில்லை என்பதற்கு இதுதான் விடை. நோடேட்டாகவ் கோப்புக்குச் செக்சமும் கம்ப்ரஷனும் கிடையாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். சிஸ்டம்டி தன் ஜர்னல் கோப்புகளுக்கு 2015-இல் வந்த 219-ஆம் பதிப்பிலிருந்து அந்த விலையைத் தெரிந்தே கொடுக்கிறது.

நான்காவது ஆட்டோடிஃப்ராக். கம்ப்ரஷன் இல்லாதபோது 64 கேபிக்குக் குறைந்த ரைட்டும், இருந்தால் 16 கேபிக்குக் குறைந்ததும், கோப்பின் நடுவில் விழுந்தால் அந்தக் கோப்பு டிஃப்ராக் வரிசையில் சேரும். அதை எடுத்துச் செய்வது கிளீனர் த்ரெட். குறிப்பிட்ட ஜெனரேஷனுக்கு (டிரான்சாக்ஷன் வரிசை எண்ணுக்கு) பிந்தைய எக்ஸ்டென்ட்டுகளை மட்டுமே அது கருதுவதால், பழையதும் புதியதும் மாறி மாறி வரும் இரட்டை-ஒற்றை அடுக்கு இங்கே பொருத்தமில்லை. தலைகீழ் வரிசையைப் பயன்படுத்துங்கள். எழுதி முடித்ததும் கமிட் இடைவெளியை 1 செகண்டாக ரீமவுன்ட் செய்து, சில செகண்ட் காத்திருந்து, சிங்க் கொடுத்தால் கிளீனர் எழுந்துவிடும். இப்போது அளக்க வேண்டியவை இரண்டு. துண்டு எண்ணிக்கை குறைந்ததா என்பது எளிதானது. எழுதிய பைட் நின்றுவிட்டதா என்பதுதான் முக்கியம். டிஃப்ராக் முடிந்தபின் கோப்பை யாரும் தொடாத ஒரு நிமிடத்தில் செக்டர் எண்ணிக்கை நகரவே கூடாது. 5.16 கோளாறுக்குப் பொருத்தமான வலை இதுவே: ஒரே தரவைத் திரும்பத் திரும்ப எழுதும் சுழற்சி, அமைதி நேரத்தில்தான் வெளிப்படும். 5.17-இல் சரிசெய்த பிழைகளில் ஒன்று நினைவகத்தில் ஒன்றுசேர்ந்த எக்ஸ்டென்ட் வரைபடத்தின் ஜெனரேஷனை வைத்துப் பழைய தரவையும் புதியதென்று எண்ணிய பிழை. பழைய கோப்பின் ஓரத்தில் சில பிளாக் மட்டும் எழுதி, எவ்வளவு திருப்பி எழுதப்படுகிறது என்று பார்த்தால் அந்த வகை தெரியவரும்.

ஸ்னாப்ஷாட்டோடு டிஃப்ராக்கைத் தனியாகச் சோதிக்க வேண்டும். கர்னல் 3.14-இலிருந்து டிஃப்ராக், பகிர்வை முறித்துவிடுகிறது. 256 எம்பி கோப்புக்கு ஒரு ஸ்னாப்ஷாட் இருந்தால், டிஃப்ராக் முடிந்ததும் மொத்த இடம் 512 எம்பி வரை போகலாம். இது தெரிந்த நடத்தை, பிழை அல்ல. டெஸ்ட் இதை அப்படியே பதிவு செய்ய வேண்டும். என்றாவது 512-ஐத் தாண்டினால் அப்போது கேள்வி கேட்கலாம்.

ஐந்தாவது, முதுமை. புதிதாக ஃபார்மேட் செய்த டிஸ்க்கில் எந்த ஒதுக்கீட்டு நிரலும் நன்றாகவே நடக்கும். 64 கேபி கோப்புகளால் டிஸ்க்கை இடமில்லை என்ற பிழை வரும்வரை நிரப்பி, ஒன்று விட்டு ஒன்று அழியுங்கள். பிழை வரும்வரை நிரப்புவது அவசியம். ஒதுக்கப்படாத இடம் கொஞ்சம் மிஞ்சியிருந்தாலும் கோப்பு முறைமை புதிய சங்க் ஒன்றை எடுத்துக்கொண்டு, ஓட்டைகளைத் தொடாமலே தப்பித்துவிடும். இப்போது 128 எம்பி கோப்பை வரிசையாக எழுதினால், 64 கேபி ஓட்டைகளில் 2,048 துண்டை ஒட்டித்தான் வரும். அதைவிடப் பல மடங்கு வந்தால், ஓட்டைகளையே இன்னும் சிறிதாக்கும் மாற்றம் ஒன்று நுழைந்திருக்கிறது.

ஒவ்வொரு சோதனைக்குப் பின்னும் கோப்பின் உள்ளடக்கத்தை ஹாஷ் வைத்து ஒப்பிடுங்கள், ஸ்க்ரப் (செக்சம் சரிபார்ப்பு) ஓட்டுங்கள், அன்மவுன்ட் செய்து ரீட்-ஒன்லி செக் ஓட்டுங்கள். அடுக்கு அழகாக இருந்து தரவு பிழையானால் என்ன பயன்?

இதே எண்களை இசட்எஃப்எஸ் என்ற மற்றொரு காப்பி-ஆன்-ரைட் கோப்பு முறைமைக்குக் கொண்டுபோக முடியாது. அங்கே ரெக்கார்ட்சைஸ் இயல்பாக 128 கேபி. 4 கேபி மாற்றினாலும் முழு ரெக்கார்டும் புதிதாக எழுதப்படும். கோப்பு அதற்குக் கீழே துண்டாகாது, விலை முழுவதும் ரைட் பெருக்கத்தில் போகிறது. இசட்பூல் பட்டியலில் தெரியும் துண்டாதல் சதவீதமும் காலி இடத்தைப் பற்றியது, கோப்பைப் பற்றியதல்ல. எக்ஸ்எஃப்எஸ்ஸோ ரெஃப்லிங்க் ஆன (கோப்புகள் பகிர்ந்துகொள்ளும்) பகுதிக்கு மட்டுமே காப்பி-ஆன்-ரைட் செய்கிறது; அதிலும் இயல்பாக 32 பிளாக் அளவுக்கு ஒதுக்கிச் சிதறலைக் கட்டுப்படுத்துகிறது.

வரம்பும் பைசெக்டும்

லினக்ஸ் கோப்பு முறைமைகளுக்கான எஃப்எஸ்டெஸ்ட்ஸ் தொகுப்பு டெஸ்டின் வெளியீட்டை ஏற்கெனவே சேமித்த வெளியீட்டோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும். துண்டு எண்ணிக்கையை அப்படியே அச்சிட்டால் பாதி இயந்திரங்களில் காரணமின்றித் தோற்கும். எண்களை முழு விவரப் பதிவுக் கோப்புக்கு அனுப்பிவிட்டு, ஸ்கிரிப்டுக்குள்ளேயே வரம்போடு ஒப்பிட்டு, மீறினால் மட்டும் ஒரு வரி அச்சிடுவது அங்கே உள்ள வழக்கம்.

எந்த எண்ணுக்கு எவ்வளவு வரம்பு? 384, 256 போன்ற இட எண்கள் சரிசமம். நோடேட்டாகவ் அடுக்கும் சரிசமம். எஃப்டேட்டாசிங்க் உள்ள துண்டு எண்ணிக்கைக்கு ஒரு சதவீதத்துக்கு உள்ளே வைத்தாலும் தாங்கும். எழுதிய பைட்டுக்கு, ஒரே கர்னலைப் பத்து முறை ஓட்டி, வந்த அதிகபட்சத்தின் மேல் 10 சதவீதம் என்று தொடங்கலாம். நேரத்தை மட்டும் தேர்ச்சிக்கு அளவுகோலாக வைக்காதீர்கள். விர்ச்சுவல் மெஷினில் பக்கத்து வேலையின் சத்தமெல்லாம் அதில் ஏறிவிடும். பதிவு செய்யுங்கள், போக்கைப் பாருங்கள், அவ்வளவே.

தோல்வி ஒன்று உறுதியானால் கோளாறு எந்த நிரல் மாற்றத்தில் (கமிட்டில்) நுழைந்தது என்று பாதி பாதியாகத் தேடும் கிட் பைசெக்ட் ரன்னுக்கு இதே ஸ்கிரிப்ட் போதும். நல்லதற்கு 0, கெட்டதற்கு 1, கர்னல் பில்ட் ஆகாமலோ பூட் ஆகாமலோ போனால் 125 என்று வெளியேற வேண்டும்; 125 என்றால் அந்தக் கமிட்டைத் தாண்டிப் போகச் சொல்கிறோம். வரம்பை நல்ல எண்ணுக்கு அருகில் வைக்காமல், நல்லதற்கும் கெட்டதற்கும் நடுவில் வையுங்கள். நல்ல கர்னல் 2.6 ஜிபி எழுதி, கெட்டது 9 ஜிபி எழுதினால், 5 ஜிபியில் கோடு போடுவது சரி. 2.8-இல் போட்டால், இடையில் வந்த தொடர்பில்லாத சிறு மாற்றம் ஒன்றில் பைசெக்ட் போய் நின்றுவிடும். சரிசெய்த கமிட் தெரிந்ததும் டெஸ்டின் தலைப்பில் அந்தக் கமிட்டின் அடையாளத்தைச் சேர்க்க எஃப்எஸ்டெஸ்ட்ஸில் தனிக் கட்டளை இருக்கிறது. பழைய நிலைக்கிளைக் கர்னலில் டெஸ்ட் தோற்றால், எந்தத் திருத்தம் அங்கே இன்னும் போய்ச் சேரவில்லை என்று வெளியீடே சொல்லிவிடும்.